சுத்தம் செய்த இதயம்

"படத்துல இடதுன்னு எழுதியிருக்கறது ஏன் என் வலது கைப்பக்கம் இருக்கு?"

கேட்டது என் சித்தி, அம்மாவின் தங்கை. கேட்ட இடம் சித்தியும் சித்தப்பாவும் நடத்தும் இறைச்சிக்கடையின் பின்னறை. என் பழைய உயிரியல் புத்தகம் அவள் மடியில் இதயத்தின் நெடுக்குவெட்டுப் படத்தில் விரிந்திருந்தது. நான் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிப் பள்ளியை முடித்தவள். அந்தப் படத்தைப் பார்க்காமலே வரைந்து பாகம் குறிப்பேன். ஆனால் இதை யோசித்ததே இல்லை.

"அப்படித்தான் போடுவாங்க சித்தி."

"அப்படித்தான்னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

"அதெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்க."

"கேக்கறதுக்குன்னே ஒருத்தி வருவா பாரு. என் ராசி அது."

சித்தியின் கடை சந்தையின் உள்வரிசையில் இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, தராசு, வெட்டும் கட்டை. அது சித்தப்பாவின் இடம். ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் என்பதால் சந்தையில் அவருக்கே 'தராசு' என்று பெயர் விழுந்துவிட்டது. பின்னறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன்மேல் ஒரு குழாய், பனிக்கட்டி நிரப்பிய தகரப் பெட்டி, கழிவு வாளி. அது சித்தியின் இடம். ஈரல், இதயம், நுரையீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் அவள் கைபட்டுத்தான் முன்பக்கம் வரும். அவளை 'ஈரலக்கா' என்பார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திருத்துவதில்லை.

ஆட்டு இதயத்தைச் சுத்தம் செய்ய அவளுக்கு ஒரு முறை உண்டு. இதை இங்கேயே விளக்கிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம். பனித்தண்ணீரிலிருந்து இதயத்தை எடுப்பாள். மேலே மூடியிருக்கும் சவ்வை உரிப்பாள். கூர்ப்பக்கத்தை இடது உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, மேல்பக்கத்தைச் சுற்றிக் கத்தியை ஒரே வளைவாக ஓட்டுவாள். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களும் அவற்றைச் சுற்றிய கொழுப்பும் தொப்பி கழல்வதுபோலக் கழன்று வாளியில் விழும். பிறகு பக்கவாட்டில் ஒரு கீறல். உறைந்த ரத்தத்தைப் பெருவிரலால் வழித்துவிட்டு ஒரு அலசல். வாங்குகிறவர்களுக்குக் குழாய் பிடிக்காது, மென்றால் ரப்பர் மாதிரி இருக்கும். இவ்வளவும் நம்மோடு பேசிக்கொண்டே செய்வாள். கையைப் பார்க்க மாட்டாள்.

அந்தக் கைதான் பிரச்சினையாகிவிட்டது. குளிர் நாட்களில் அவள் விரல்கள் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தன. முதலில் சுண்ணாம்பு நிறம், பிறகு நீலம், சூடு பட்டதும் ஒரே எரிச்சல். ஒரு விரல் நுனியில் புண் வந்து ஆற மறுத்தது. மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பனித்தண்ணீர் வேலையை விட வேண்டும், அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே விட வேண்டும், இல்லையென்றால் விரல் நுனிகளுக்கு அவர் பொறுப்பில்லை.

"முன்னாடி வந்து நில்லு. நான் பின்னாடி போறேன்" என்றார் சித்தப்பா.

"முன்னாடி மட்டும் என்ன அடுப்பா எரியுது? அங்கயும் ஐஸ்தான்."

"அப்ப வீட்ல உக்காரு."

"உக்காந்து?"

சித்தப்பா கட்டையைத் துடைக்கப் போய்விட்டார்.

நகரத்துக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை. அதற்கு மேல்நிலைத் தேர்வில் உயிரியல் தேறியிருக்க வேண்டும், வயதும் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. சித்தி பள்ளியில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, உயிரியலில் மட்டும் தோற்றவள். வயது வரம்பில் அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"என்னடி இது, இந்த வயசுலயா?" என்றாள் அம்மா.

"இந்த வயசுலதான் முடியும்க்கா. அடுத்த வயசுல எடுக்க மாட்டாங்களாம்."

"உன் பொண்ணு சும்மாதானே இருக்கா, சொல்லிக்குடுக்க அனுப்பு" என்றும் சித்தி சொல்லியிருக்கிறாள். அந்தப் பொண்ணு நான். கல்லூரியா வேலையா என்று முடிவு செய்யாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு என்னை எங்காவது அனுப்பினால் போதும் என்றிருந்தது.

என்னிடம் 'அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்' என்று ஒரு தொகுப்பு இருந்தது. சித்தி தொட்டியருகே வேலை செய்வாள். நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கேட்பேன். அவள் முன்பு தோற்றதற்கான காரணம் எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. எதற்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

"நொதிகள் அதிக வெப்பத்தில் ஏன் செயல்படுவதில்லை?"

"வெந்துடும்."

"அஞ்சு மார்க் கேள்வி சித்தி அது."

"அஞ்சு தடவை வேகுமா?"

"காரணம் எழுதணும். நொதி ஒரு புரதம். சூடு ஏறினா அதோட வடிவம் மாறிடும். வடிவம் மாறினா அது பிடிக்க வேண்டிய பொருளைப் பிடிக்க முடியாது. ஆறினாலும் பழைய வடிவம் திரும்பாது."

"வேக வெச்ச ஈரல் ஆறினாப் பச்சை ஈரலாயிடுமா? அதைத்தானே நான் சொன்னேன்."

"அதை எழுதிக் காட்டணும்."

"கடைல ஒருத்தர் ஈரல் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்வேன். ஏன் இருக்கு, எப்படி இருக்குன்னு கதை சொன்னா அவர் அடுத்த கடைக்குப் போயிடுவார்."

"பேப்பர் திருத்தறவங்க அடுத்த கடைக்குப் போக முடியாது. உக்காந்து படிச்சே ஆகணும்."

இது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலின் முடிவிலும் 'ஏனென்றால்' என்று ஒன்றைச் சேர்க்கப் பழகினாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய், முன்பக்கம் இருந்து சித்தப்பா "சோறு எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டால், "எடுத்துட்டு வரல, ஏன்னா நீங்க இன்னிக்கி சீக்கிரம் கடை சாத்தறேன்னு சொன்னீங்க" என்று பதில் போகும்.

"ஒரு கேள்வி கேட்டா ரெண்டு பக்கம் பதில் வருது. பொண்டாட்டிய என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று சித்தப்பா என்னிடம் முறையிட்டார்.

சில வினாக்கள் அவளை நிறுத்தின. சிவப்பணுக்களுக்கு உட்கரு ஏன் இல்லை என்பதற்கு, உயிர்வளியைச் சுமக்க இடம் வேண்டும் என்பதால் அதை வெளியே தள்ளிவிடுகிறது என்று படித்தபோது, கத்தியை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள். ஒரு நாள், குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் ஏன் சுருங்குகின்றன என்ற கேள்வி வந்தது. விடையைப் படித்தேன். உடலின் வெப்பம் தோல் வழியாக வெளியேறாமல் தடுக்க, கைகால்களுக்குப் போகும் ரத்தம் குறைக்கப்படுகிறது, உள்ளுறுப்புகளின் வெப்பம் காக்கப்படுகிறது.

சித்தி தண்ணீரிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். "அதாவது, உள்ள இருக்கறவங்க நல்லா இருக்கணும்னு வெளிய நின்னு வேலை செய்யறவளக் கை விட்டுடுது."

"அப்படியும் சொல்லலாம்."

"நம்ம குடும்பம் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி தொட்டிக்குள் கையை விட்டாள். அவளுக்கு இருந்தது சாதாரணமான சுருக்கம் இல்லை, அளவுக்கு மீறிய சுருக்கம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த விடையை அவள் ஒருமுறைதான் கேட்டாள். திரும்பக் கேட்கவேண்டிய தேவை வரவில்லை.

செடிகொடிப் பாடம் வேறு கதை. இலையின் குறுக்குவெட்டில் இருக்கும் அடுக்குகளை அவள் ஒரு நாளும் வரிசையாகச் சொன்னதில்லை. சல்லடைக்குழாய், மரக்குழாய் இரண்டில் எது தண்ணீரை ஏற்றுகிறது என்பதில் எப்போதும் தவறான பக்கம்தான் போவாள். செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள், எந்தச் சீட்டு வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். தண்டு அறுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கும் சீட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரே பயம். அதற்காகக் கீரைத்தண்டையும் கொடித்தண்டையும் சவரத் தகடால் சீவிச் சீவிப் பழகினோம். ஈரல் அறுக்கும் கை, தண்டைச் சீவினால் விறகு பிளந்த மாதிரி வந்தது.

"இதயம் வந்தா?" என்று கேட்டேன்.

"இதயம் வந்தா என் கண்ணக் கட்டிவிடு. அப்பவும் அறுப்பேன்."

அதனால் இதயத்தை நாங்கள் பழகவே இல்லை.

முதலில் சொன்ன அந்த இடது வலது கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஆசிரியர் ஒருவரிடம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே நாள் போயிற்று. ஒரு காலையில் சித்திக்குச் சுடுதண்ணீர் புட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது முன்பக்கம் கூட்டம். நான் வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்.

"அந்த இடது பக்கம் இருக்கறதப் போடு" என்றார் அவர்.

சித்தப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு, தினமும் கேட்பதைக் கேட்டார். "உங்க இடதா, என் இடதா?"

"திங்கப் போறது நான். என் இடதுதான்."

இதே பேச்சை அந்தக் கடையில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் ஏனோ உறைத்தது. வரிசையை விட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

"சித்தி, படத்துல இருக்கறது நம்மளப் பாத்து நிக்குது. எதிர்ல நிக்கற ஆளோட நெஞ்சு அது. கடைக்கு வந்தவங்க மாதிரி. அதோட இடது நமக்கு வலது பக்கம் வரும்."

சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். என்னை எதிரில் நிற்கச் சொல்லி, என் இடது தோளைத் தன் வலது கையால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இதயம்தான் வாடிக்கைக்காரர். நான் கடைக்காரி."

"ஆமா."

"வாடிக்கைக்காரர் இடதுன்னு சொன்னா அவரோட இடதுதான். இவ்வளவுதானா? இதப் போய் இவ்வளவு நாளா வெச்சுக்கிட்டு இருந்தியே!"

எழுத்துத் தேர்வை ஓரளவு எழுதினாள். ஒவ்வொரு பதிலுக்கும் 'ஏனென்றால்' போட்டதில் கடைசி வினாவுக்கு நேரம் போதவில்லை. இலைப் படம் கேட்டிருந்தார்கள், அதைத் தொடவே இல்லை. ஆகவே செய்முறையில் நன்றாக வாங்கியே ஆக வேண்டும். வாங்காவிட்டால் அந்த வருடம் போயிற்று, பயிற்சி போயிற்று, குளிர்காலம் வந்தால் மறுபடி தொட்டிதான்.

செய்முறைத் தேர்வு நான் படித்த பள்ளியின் ஆய்வகத்திலேயே நடந்தது. ஆய்வகம் கீழ்த்தளத்தில், நடைபாதையை ஒட்டி. ஜன்னல்கள் திறந்திருந்தன, நான் வெளியே நின்று பார்த்தேன். தனித்தேர்வர்கள் உள்ளே மேசைமேசையாக நின்றார்கள். பாதிப்பேர் என் வயது, சித்தி தலையில் வலையும் உடம்பில் வெள்ளைக் கோட்டுமாக நின்றாள். கடையில் போடும் அதே கோட்டு, வெளுத்துத் தேய்த்தது. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சீட்டுப் பெட்டியை நீட்டினார்.

சித்தி சீட்டைப் பிரித்துப் படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, தன் நெஞ்சை ஒரு விரலால் தட்டிக் காட்டினாள். இதயம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆய்வக உதவியாளர் பனிப்பெட்டியிலிருந்து ஓர் ஆட்டு இதயத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார். கத்தி, இடுக்கி, ஒரு குச்சி, பெயர் எழுதிய தாள் கொடிகள் ஒட்டிய ஊசிகள். இதயத்தை அறுத்து, அறைகளையும் அவற்றோடு சேர்ந்த பெரிய குழாய்களையும் ஊசி குத்திக் காட்ட வேண்டும். தட்டருகே ஒரு கழிவுக் கிண்ணமும் இருந்தது.

சித்தி இதயத்தைக் கையில் எடுத்தாள். விறைத்துப் போயிருந்தது. அவள் விரல் நுனிகள் வெளுப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பக்கத்து மேசைப் பையன் தன் இதயத்தைத் தொடவே அருவருத்துக்கொண்டு இடுக்கியால் புரட்டிக்கொண்டிருந்தான். சித்தி அவனைப் பார்த்து, "கடிக்காது தம்பி, புடி" என்றாள். அவனிடம் பேசிக்கொண்டே கூர்ப்பக்கத்தை உள்ளங்கையில் அடக்கினாள்.

கத்தி ஒரே வளைவாக ஓடியது.

கூப்பிட வாய் திறந்தேன், ஆனால் தேர்வறைக்குள் குரல் கொடுத்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். குழாய்களும் கொழுப்பும் தொப்பியாகக் கழன்று கிண்ணத்தில் விழுந்தன. பக்கவாட்டில் ஒரு கீறல். பெருவிரலால் ஒரு வழிப்பு. குழாயடியில் ஒரு அலசல். தண்ணீரை உதறிவிட்டு, விற்பனைக்கு வைப்பதுபோல் தட்டின் நடுவில் வைத்தாள். அந்த ஆய்வகத்தில் அவ்வளவு சுத்தமான இதயம் வேறு எந்த மேசையிலும் இல்லை.

பிறகு முதல் ஊசியை எடுத்துக் கொடியைப் படித்தாள். 'பெருந்தமனி.' ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

தேர்வாளர் மேசைமேசையாகப் பார்த்துக்கொண்டு அவளிடம் வந்துசேர்ந்தார். உள்ளே பேசியதில் பாதி என் காதில் விழுந்தது, மீதியைச் சித்தியும் ஆய்வக உதவியாளரும் பிறகு சொன்னார்கள்.

"பெருந்தமனி எங்கம்மா?"

"கிண்ணத்துல மேடம்."

"நுரையீரல் தமனி?"

"அதுவும்."

"எதுக்கு வெட்டினீங்க?"

சித்தி உண்மையைச் சொன்னாள். "அத யாரும் வாங்க மாட்டாங்க மேடம். ஏன்னா மெல்ல முடியாது."

பக்கத்து மேசைப் பையன் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். தேர்வாளர் சிரிக்கவில்லை. "இங்க யாருக்கு விக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

ஆய்வக உதவியாளர்தான் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "ஓ, நீங்க தராசு கடையா! முன்னாடி வருஷா வருஷம் உங்க கடைலதான் பிராக்டிக்கலுக்கு இதயம் வாங்குவோம். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மொட்டையடிச்சு வரும். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எதிர்க்கடைக்கு மாறிட்டோம்."

சித்திக்கு அது புதுச்செய்தி. பள்ளிக்கூட வியாபாரம் கைவிட்டுப் போனதற்கு எதிர்க்கடைக்காரர்தான் ஏதோ கோள் சொல்லிவிட்டார் என்று சித்தப்பா அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். ஆனால் அப்போது அதை யோசிக்க நேரமில்லை.

"மேடம், கிண்ணத்துல இருக்கறத எடுத்துக்கலாமா?"

தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "உங்களுக்குக் குடுத்ததுதானே. எடுங்க. ஆனா நேரம் கூட்டித் தர மாட்டேன்."

சித்தி கழன்று விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டில் வைத்துக் கொழுப்பை விலக்கினாள். குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தாள். ஒன்று தடித்து, அறுத்த பிறகும் வாய் திறந்தபடி வட்டமாக நின்றது. இன்னொன்று அதைவிட மெல்லியது. மற்றவை நனைந்த காகிதம்போல ஒட்டிக்கொண்டன, சில கிழிந்துவிட்டிருந்தன. விரல் மரத்துப் போயிருந்ததால் இதயத்துக்குள் குச்சியை விட்டுப் பார்த்தாள். தடித்த சுவர் உள்ள கீழறையிலிருந்து மேலே வந்த குச்சி ஒரு வாய் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. அங்கே தடித்த குழாயை வைத்து ஊசியால் தைத்ததுபோல் குத்தினாள். அடுத்த கீழறையிலும் அப்படியே. மெல்லிய குழாய்களில்தான் குழம்பினாள். எது பெருஞ்சிரை, எது நுரையீரல் சிரை என்று கிழிசலில் தெரியவில்லை. ஏதோ ஒரு முடிவுக்கு வந்து கொடிகளைக் குத்தினாள்.

மணி அடித்தது. தேர்வாளர் திரும்பி வந்தார்.

"இது இடது கீழறைன்னு கொடி வெச்சிருக்கீங்க. வலது பக்கமா இருக்கே?"

"அது என்னப் பாத்து வெச்சிருக்கேன் மேடம். எதிர்ல நிக்கற ஆளு மாதிரி. அதோட இடதுதான் கணக்கு."

"சரி. சுவர் ஏன் இந்தப் பக்கம் தடிப்பா இருக்கு?"

"உடம்பு முழுக்க ரத்தத்தத் தள்ளணும் மேடம். மறுபக்கம் பக்கத்துல இருக்கற நுரையீரல் வரைக்கும் தள்ளினாப் போதும். ஏன்னா தூரம் கம்மி, எதிர்ப்பும் கம்மி."

"இந்த ரெண்டு சிரையும் மாறியிருக்கு."

"சரிங்க மேடம்."

தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். போகப்போனவர் நின்று அவள் கையைப் பார்த்தார். "விரல் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

சித்தி நிமிர்ந்து நின்றாள். "குளிர்ல தோலுக்குப் போற சின்ன ரத்தக்குழாய் சுருங்கும் மேடம். கைகாலுக்கு ரத்தம் குறையும். ஏன்னா தோல் வழியா வெப்பம் போகாம உள்ளுறுப்புகளக் காப்பாத்தணும். எனக்கு அது அளவுக்கு மீறி நடக்குது."

"நான் கேள்வியாக் கேக்கலம்மா. சும்மாக் கேட்டேன்."

"பதில் சரியா மேடம்?"

"சரிதான். ஆனா அதுக்கு மார்க் கிடையாது."

வீட்டுக்கு வரும் வழியில் சித்தி கையைக் கக்கத்தில் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டே நடந்தாள். "சீட்டைப் படிச்சேன். குழாய்க்கும் கொடி குத்தணும்னு படிச்சேன். ஆனா கைக்கு யாரும் சொல்லல" என்றாள். பிறகு, "எதிர்க்கடைக்காரரு பாவம்" என்றாள்.

அன்று மாலை சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன தராசண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?" சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு டீ இருந்தது. இன்னொன்றை வாங்கி எதிர்க்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சித்தி பிறகு சொன்னாள்.

ரிசல்ட் வந்த அன்று சித்தி கடையை விட்டு நகரவில்லை. நான்தான் பார்த்துவிட்டு வந்தேன். தேறியிருந்தாள், தேறியவர்களில் கடைசித் தரம். சிரைகள் மாறியதற்கும், வெட்டியதற்கும், தொடாமல் விட்ட இலைக்கும் போனது போக மிஞ்சியது அவ்வளவுதான். பயிற்சிக்குத் தரம் முக்கியமில்லை, தேறினால் போதும்.

"பாஸா?" என்று கேட்டாள்.

"பாஸ்."

"ஏன்?"

"ஏன்னா கிண்ணத்துலருந்து எடுத்தீங்க."

குளிர் ஆரம்பிப்பதற்கு முன் அவள் கால்நடை மருத்துவமனையில் சேர்ந்தாள். முதல் நாள் அவளுக்குக் கொடுத்த வேலை நாய்க்கூண்டுகளைக் கழுவுவது. குழாயைத் திறந்தால் தண்ணீர் சில்லென்று வந்தது. நேராகப் பொறுப்பாளரிடம் போய்ச் சுடுதண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஏன் என்று அவர் கேட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. பாதியிலேயே அவர் சாவியைக் கொடுத்து, சுடுதண்ணீர்க் குழாய் இருக்கும் அறையைக் காட்டிவிட்டார். இப்போது கூண்டு கழுவுவது போக, கட்டுப் போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, ஆட்டுக்கு மருந்து புகட்டுவது என்று வேலை போகிறது. பேசிக்கொண்டே செய்கிறாளா என்று கேட்டேன். "இல்ல. கையப் பாத்துத்தான் செய்யறேன்" என்றாள். குளிரில் விரல்கள் இன்னும் வெளுக்கின்றன. புண் வரவில்லை.

கடையில் பின்னறையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் பழையபடி இவர்களிடமும் இதயம் வாங்குகிறது, பாதி இங்கே, பாதி எதிர்க்கடையில். பள்ளிக்கான இதயங்களை வைக்கும் பெட்டிமேல் சித்தி ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'பள்ளிக்கூடத்துக்கு. சுத்தம் செய்ய வேண்டாம், ஏனென்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.'

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது உயிரியல் செய்முறைத் தேர்வுக்குப் போகிறார்கள் என்றால், அதிலும் அவர்கள் கடையிலோ சமையற்கட்டிலோ கத்தி பிடித்துப் பழகியவர்கள் என்றால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கொடிகளையெல்லாம் முதலில் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டுப் பிறகு கத்தியைத் தொடச் சொல்லுங்கள். யார் கதை என்று கேட்டால் ஈரலக்கா கதை என்று சொன்னால் போதும்.